கைநாட்டின் கதை

சென்ற மாதத்தில் ஒருநாள், பள்ளி விட்ட மாலை நேரம். நம்மிடம் ஐந்தாம் வகுப்பில் பயிலும் சிறுவன் ஒருவனின் பாட்டியார் வகுப்பறை வாயிலில் வந்து நின்றார். மஞ்சள் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு வாங்கிய பத்திர நகல்.

“வாத்தியாரய்யா, இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. அடமானம்னு சொல்லித்தான் கைநாட்டு வாங்கினாங்க. இப்ப வயல்ல கால் வைக்காதேன்னு வெரட்டுறாங்க.”

விரித்தோம். முதல் வரியே 'சுத்தக் கிரயப் பத்திரம்' என்றது. கடைசிப் பக்கத்திற்குத் திருப்பினோம். 'இப்பத்திரத்தைப் படிக்கக் கேட்டு, மனப்பூர்வமாகச் சம்மதித்து' என்றொரு வரி. அதன் கீழே இடதுகைப் பெருவிரலின் ரேகை. படிக்கக் கேட்டாராம்! படித்தவர் யார்? எதைப் படித்தார்? எழுதியிருந்ததையா, எழுதாததையா? அதைப் பத்திரம் சொல்லவில்லை. எந்தப் பத்திரமும் சொல்வதில்லை.

எழுத்தறியாத ஒருவர் தம் நிலத்தை விற்றதாகக் காகிதம் சொன்னால், அது விற்றதாகுமா? வழக்கறிஞருக்கு உரிய கேள்விதான். ஆயினும் வரலாறு படித்தவருக்கும் இதில் வேலை உண்டு. கைநாட்டுக்கு ஒரு கதை இருக்கிறது. கண்ணீரும் நெருப்பும் கலந்த கதை.

'தற்குறி' என்று இன்று பிறரை ஏசுகிறோமே, அச்சொல்லை எடுத்துக்கொள்வோம். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் அது வசையன்று. தன் குறி, தற்குறி. எழுத அறியாதவர் ஆவணத்தில் தம் கையால் இட்ட அடையாளமே அது. அந்தக் குறி இன்னாருடையதே என எழுத்தறிந்த ஒருவர் சான்று எழுதுவார். 'தற்குறி மாட்டெறிதல்' என்று அதற்குப் பெயரும் இருந்தது. முறையான நடைமுறை, அதில் இழிவு ஏதுமில்லை. குறியின் பெயர் நாளடைவில் குறி இட்டவரின் பெயராயிற்று. பிறகு அதுவே அவரைக் குத்தும் முள்ளாயிற்று. ஏட்டை எட்டாத உயரத்தில் வைத்துப் பூட்டியவரைச் சுட்ட ஒரு வசைச்சொல்லை உலகம் படைக்கவில்லை. பூட்டிய கதவுக்கு வெளியே நின்றவனுக்கு மட்டும் பெயர் சூட்டி மகிழ்ந்தது.

இன்று நம் நீதிமன்றங்கள் கையாளும் ஒப்பந்தச் சட்டத்தின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. எனவே அங்கே சற்றுச் சென்று வருவோம். முதலாம் எலிசபெத் அரசியின் ஆட்சிக்காலம். 1580-களில் நடந்த வழக்கு. தரோகுட் என்ற நிலவுடைமையாளர், எழுத்தறியாதவர். அவர் நிலத்தைப் பெற்றுப் பயிரிட்டவர் பெயர் சிக்கன். (நகைக்க வேண்டா, அது மனிதரின் பெயர்தான்.) சிக்கன் வாரம் செலுத்தாமல் பாக்கி வைத்திருந்தார். “பாக்கியை விட்டுவிட்டால் நிலத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன்” என்று ஒரு பத்திரத்தை நீட்டினார். அருகில் நின்ற ஒருவர் அதை வாங்கி, “வேறொன்றுமில்லை, பாக்கியை மட்டும் விட்டுக்கொடுப்பதாக எழுதியிருக்கிறது” என்று பொருள் சொன்னார். தரோகுட் முத்திரை இட்டார். பத்திரத்தில் உண்மையில் இருந்ததோ அவருடைய உரிமைகள் அனைத்தையும் கைவிடும் வாசகம்! பாக்கியோடு நிலமும் போயிற்று. சிக்கன் அந்நிலத்தைக் கோல் என்பவருக்கு விற்றும்விட்டார். கோல் சூது அறியாதவர், விலை கொடுத்தவர்.

நீதிமன்றம் என்ன சொல்லிற்று? எழுத்தறியாதவருக்குப் பொய்யாகப் பொருள் சொல்லிப் பெற்ற பத்திரம் அவருடைய பத்திரமே அன்று எனத் தீர்த்தது. முத்திரை அவருடையது, செயல் அவருடையதன்று. ஆகவே நிலம் தரோகுட்டுக்கே உரியது. விலை கொடுத்த கோலுக்கும் இல்லை என்றாயிற்று. இத்தீர்ப்பைத் தம் தொகுப்பில் பதித்தவர் எட்வர்டு கோக் என்னும் பெரும் சட்ட அறிஞர். கூடவே ஒரு நிபந்தனையையும் அவர் பதித்தார். எழுத்தறியாதவர் 'எனக்குப் படித்துக் காட்டுங்கள்' என்று கேட்டிருக்க வேண்டும். கேளாமலே முத்திரை இட்டிருந்தால் பத்திரம் அவரைக் கட்டும்.

கேட்டிருக்க வேண்டுமாம்! கடன் வாங்க வந்தவன், பணம் எண்ணுகிற கையைப் பார்த்து, 'ஐயா, முதலில் படித்துக் காட்டுங்கள்' என்று கேட்பானா? கேட்டால் பெட்டி மூடிக்கொள்ளும் என்பதை அவன் அறிவான். எழுத்து அறியாதவன்தான், உலகம் அறியாதவன் அல்லன்.

இனி வங்காளத்துக்கு வருவோம். இன்று நாம் காணும் கைநாட்டு அரசாங்க அலுவலில் கால்வைத்த இடம் அது. ஆண்டு 1858. ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற இளம் ஆங்கில அதிகாரி. வானில் யுரேனசைக் கண்ட ஹெர்ஷலின் பேரர். சாலை போடச் சரளை வழங்க ஓர் ஒப்பந்தம். வழங்க வந்தவர் ராஜ்யாதர் கோனாய் என்ற வங்காளி. ஹெர்ஷல், முத்திரை மையைக் கோனாயின் உள்ளங்கை முழுவதும் தடவி, ஒப்பந்தத்தின் பின்புறத்தில் அழுத்திப் பதிய வைத்தார். எதற்காக? பின்னாளில் 'இது என் கையெழுத்தன்று' என்று கோனாய் மறுக்கத் துணியாதபடி அவரை அச்சுறுத்தவே அப்படிச் செய்ததாகப் பிற்காலத்தில் ஹெர்ஷலே எழுதினார்.

இதில் நாம் வியப்பது ஒன்று உண்டு. கோனாய் எழுத்தறிந்தவர்! அந்த ஒப்பந்தத்தைத் தம் கையாலேயே எழுதியவர் அவர். கல்லாதவருக்குக் காவலாகக் கண்டுபிடித்ததே கைநாட்டு என்று நாம் எண்ணியிருந்தோம். அன்று. எழுதுகிறவனையும் நம்பாத ஓர் அரசு, மறுக்கவொண்ணாத சான்று தேடிக் கண்டது அது. 1877-இல் ஹூக்ளி மாவட்டத்தின் மாஜிஸ்திரேட்டாக இருந்தபோது ஹெர்ஷல் பத்திரப் பதிவிலும், ஓய்வூதியம் வழங்குவதிலும் விரல் ரேகையைப் புகுத்தினார். 1897-இல் கல்கத்தாவில் விரல் ரேகைக் கூடம் அமைந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை வகுத்ததில் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இந்தியர் இருவரின் உழைப்பு பெரிது. புகழில் பெரும்பங்கு அவர்களுடைய மேலதிகாரி ஹென்றிக்குப் போயிற்று.

ரேகை பேசுமா? பேசும். 'இவன் இன்னான்' என்று பேசும். கோடியில் ஒருவனையும் தவறாமல் காட்டும். ஆனால் 'இவன் இதை அறிந்தான்' என்று அது பேசாது. கையைக் கண்டுபிடிக்கும் கருவி, கருத்தைக் கண்டுபிடிக்காது. இந்த வேறுபாட்டை மறந்ததால் விளைந்தது என்ன என்பதைத் தக்காணத்தில் காணலாம்.

மராத்திய உழவர்களில் எழுதத் தெரியாதவர் பத்திரத்தில் ஏரின் வடிவத்தைக் கீறுவது வழக்கம். ஏரை வரைந்து ஒப்பமிட்டான். ஏர் ஓட்டிய நிலத்தை இழந்தான்! 1860-களில் அமெரிக்க உள்நாட்டுப் போரினால் அங்கிருந்து பருத்தி வரத்து நின்றது. இங்கிலாந்தின் ஆலைகள் இந்தியப் பருத்தியைத் தேடின. தக்காணத்து உழவனுக்குக் கேட்ட கடன் கிடைத்தது. 1865-இல் போர் முடிந்தது. பருத்தி விலை விழுந்தது. கொடுத்தவர் கையை இழுத்துக்கொண்டனர். அதே காலத்தில் நிலவரியோ ஏற்றப்பட்டது. சில இடங்களில் நூற்றுக்கு ஐம்பதிலிருந்து நூறு வரை.

இதற்கிடையே 1859-இல் வந்தது காலவரைச் சட்டம். கடன் பத்திரத்துக்கு மூன்று ஆண்டே உயிர் என்றது. வட்டி பல ஆண்டுகளாய்க் குவியாமல் காக்கவே அச்சட்டம் என்றனர். நடந்தது என்ன? மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சாவுக்கார் புதிய பத்திரத்தை நீட்டினார். பழைய அசலும் வட்டியும் சேர்ந்து புதிய அசலாயிற்று. அதன்மேல் புதிய வட்டி. உழவனுக்குத் தெரிந்ததெல்லாம் இன்னும் ஒருமுறை ஏரைக் கீற வேண்டும் என்பதே. கட்டிய பணத்துக்குச் சீட்டு இல்லை. கணக்கு ஏட்டில் இருப்பது எது என அறியக் கண் இருந்தும் வழியில்லை. முன்னாளில் ஊர்ப்பெரியவர் நடுவில் பேசித் தீர்ந்த கடன், இப்போது நீதிமன்றத்தில் காகிதத்தின் வாயிலாகப் பேசிற்று. காகிதம் ஒரு தரப்பின் மொழியை மட்டுமே அறிந்திருந்தது.

1875 மே 12. பூனா மாவட்டத்தின் சூப்பா. சந்தை கூடும் ஊர் அது. சுற்று வட்டாரத்து உழவர் திரண்டனர். சாவுக்கார்களின் கடைகளைத் தாக்கினர். கேட்டது பொன்னன்று, பொருளன்று. கணக்கு ஏடுகளையும் கடன் பத்திரங்களையும் கொடு என்றனர். கொடுத்தவற்றைத் தெருவில் குவித்துத் தீயிட்டனர். அங்கிருந்து அகமது நகருக்கும் பரவிற்று. முப்பதுக்கு மேற்பட்ட ஊர்கள். வீடுகளும் கடைகளும் சில இடங்களில் எரிந்தன. ஆயினும் பத்திரத்தைப் பெற்றுக் கொளுத்தியபின் ஆளை விட்டுவிட்ட இடங்களே மிகுதி. தாங்கள் படிக்க முடியாத காகிதமே தங்களைக் கட்டிய விலங்கு என்பதை அந்த உழவர் துல்லியமாக அறிந்திருந்தனர். தீயிடல் முறையன்று என்று வகுப்பறையில் நாம் சொல்லத்தான் வேண்டும். முறையான வழி அன்று அவர்களுக்கு எது இருந்தது என்று மாணவன் திருப்பிக் கேட்டால் சொல்ல விடை வேண்டும்.

அரசு விசாரணைக் குழு அமைத்தது. 1879-இல் தக்காண வேளாளர் துயர் தணிப்புச் சட்டம் பிறந்தது. பூனா, சதாரா, சோலாப்பூர், அகமது நகர் என நான்கு மாவட்டங்களுக்கு. அதிலே இரண்டு செய்திகள் நம் நெஞ்சைத் தொடுகின்றன. ஒன்று: நீதிமன்றம் பத்திரத்தோடு நின்றுவிடாமல், அதற்குப் பின்னால் போய், கடனின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்தே துருவ வேண்டும் என்றது. இன்னொன்று: ஊர்தோறும் பதிவாளர் ஒருவர். உழவன் எழுதிக்கொடுக்கும் பத்திரத்தை அவர் எழுத வேண்டும், அல்லது அவர் கண்காணிப்பில் எழுத வேண்டும், உரக்கப் படித்துக் காட்ட வேண்டும், அதன்பிறகே ஒப்பம். தரப்பினரில் எவருக்கேனும் படிக்கத் தெரியாவிட்டால் நம்பத்தக்க சாட்சிகள் இருவர் கையொப்பமும் வேண்டும்.

உரக்கப் படித்தல்! முந்நூறு ஆண்டுகளுக்குமுன் கோக் 'கேட்டால் படி' என்றதற்கு மாறாக, 'கேளாவிட்டாலும் படி' என்று சட்டம் சொன்னது. இதைச் சொல்ல வைத்தது சூப்பாவின் சாம்பல்.

ஆனால் சூது சும்மா இருக்குமா? கடனின் வரலாற்றை நீதிமன்றம் துருவும் என்றறிந்த சாவுக்கார், கடன் பத்திரமும் அடைமானமும் வேண்டா, நேரே கிரயமாகவே எழுதிக்கொடு என்றார். 'பணத்தைக் கட்டியதும் நிலத்தைத் திருப்பி எழுதித் தருகிறேன்' என்பது வாய்ப்பேச்சு. வாய்ப்பேச்சு காற்றோடு போயிற்று, கிரயம் நின்றது. பின்னர் சட்டத்தைத் திருத்தி, விற்பனையென எழுதியது உண்மையில் அடைமானமே எனக் காட்டவும் வழி செய்ய வேண்டியதாயிற்று. பாட்டியாரின் பத்திரத்தை நம் மேசைமேல் கண்டபோது இந்தப் பக்கம்தான் நினைவுக்கு வந்தது.

எழுத்தறியாதவர் நிலம் விற்கவே கூடாது என்று தடுத்துவிட்டால் என்ன எனச் சிலர் கேட்கின்றனர். ஒப்பமாட்டோம். சிறுவரும் சித்தம் கலங்கியோரும் ஒப்பந்தம் செய்ய இயலாது என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். அந்த வரிசையில் அறிவுள்ள உழவனையும் நிறுத்துவதா? காவல் என்ற பெயரில் கால்விலங்கு! பஞ்சாபில் 1900-இல் இயற்றிய நிலமாற்றுச் சட்டம் ஏறத்தாழ இதைத்தான் செய்தது. அதுவும் படிப்பைப் பார்த்தன்று, பிறப்பைப் பார்த்து. இன்ன குலத்தார் 'வேளாண் குலத்தார்', அவர் நிலத்தைப் பிறர் வாங்கலாகாது என்றது. அந்தப் பட்டியலுக்கு உள்ளேயே பெரிய நிலக்காரன் சிறிய நிலக்காரனை விழுங்கினால் அதற்குத் தடையில்லை.

எழுத்தறியாமை ஒப்பந்தத்தைத் தானே செல்லாததாக்குவதில்லை. 1897-ஆம் ஆண்டின் பொதுச் சொற்பொருள் சட்டம், எழுத இயலாதவர் இடும் குறியையும் கையொப்பம் என்றே ஏற்கிறது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள நிலத்தைப் பதிவுப் பத்திரத்தால் மட்டுமே விற்கலாம் என்கிறது 1882-இன் சொத்துமாற்றுச் சட்டம். ஆனால் பதிவு என்பது என்ன? வந்தவர் இன்னார்தாமா, எழுதிக்கொடுத்ததை ஒப்புகிறாரா எனப் பதிவாளர் கேட்கிறார். 'கையெழுத்துப் போட்டாயா?' என்ற கேள்விக்கு 'ஆமாம்' என்று தலையசைந்தால் வேலை முடிந்தது. 'என்ன எழுதியிருக்கிறது, நீயே சொல்' என்று ஒருமுறை கேட்டால் போதும்; பாதிப் புரட்டு அங்கேயே புலப்படும். கேட்கத்தான் ஆளில்லை.

ஒப்பந்தச் சட்டத்தின் உயிரோ வேறிடத்தில் இருக்கிறது. இருவரும் ஒரே பொருளை ஒரே கருத்தில் ஏற்றால்தான் அது இசைவு. ஒருவர் அடமானம் என்று எண்ணினார், மற்றவர் கிரயம் என்று எழுதினார் என்றால் இசைவு எங்கே? கேள்வி, அதை மெய்ப்பிக்கும் சுமை யாருடையது என்பதே.

இங்கே சட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. திரைக்குப் பின்னால் வாழ்ந்த பெண்களிடமிருந்து பெற்ற பத்திரங்களைப் பற்றி இலண்டன் பிரிவிக் கவுன்சில் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு விதி வகுத்தது. எழுதிக்கொடுத்தவள் 'நான் அறியவில்லை' என மெய்ப்பிக்க வேண்டியதில்லை. பயன் பெற்றவரே 'அவள் முழுதும் அறிந்து, தன் விருப்பப்படி செய்தாள்' என மெய்ப்பிக்க வேண்டும். பட்டுத்திரைக்குப் பின்னிருந்த சீமாட்டிக்குக் கிட்டிய அந்தக் காவல், வெயிலில் களை பறிப்பவளை நோக்கி மெல்ல மெல்ல நடந்து வந்தது. 1993-இல் உச்சநீதிமன்றத்தின் முன் நின்றது ஒரு நில விற்பனை. விற்றதாகச் சொல்லப்பட்டவர் எழுத்தறியாத, பார்வையிழந்த பழங்குடி மூதாட்டி. வாங்கியவரை அண்டி வாழ்ந்தவர். விற்பனை மெய்யானது என்று காட்டும் சுமை வாங்கியவர் தலையிலேயே வைக்கப்பட்டது. பின்னர் 2003-இல் வேறொரு வழக்கில், முதுமையிலும் நோயிலும் கல்லாமையிலும் கிடப்போர் எவருக்கும் இந்தக் காவல் நீளும் என அதே நீதிமன்றம் விளக்கிற்று.

ஆனால் 1968-இல் அதே நீதிமன்றம் கிழித்த ஒரு கோட்டையும் மறைக்கலாகாது. கணவனின் சொல்லை நம்பிப் பத்திரம் எழுதிக்கொடுத்த ஒரு பெண்ணின் வழக்கு. ஆவணம் எத்தகையது என்பதிலேயே ஏமாற்றம் என்றால் அது பிறக்கும்போதே செத்த ஆவணம். வகை தெரியும், உள்ளடக்கத்தில்தான் ஏமாற்றம் என்றால், அது உயிருள்ளது. ஏமாந்தவர் காலத்துக்குள் நீதிமன்றம் போய் அதைக் கொல்ல வேண்டும். சொல்லளவில் நூலிழை வேறுபாடு, விளைவிலோ மலை! செத்த பத்திரத்தின்மேல் மூன்றாமவர் எவரும் உரிமை கட்ட முடியாது, தரோகுட்டின் நிலத்தில் கோல் கட்ட முடியாததுபோல. உயிருள்ளதோ, அறியாது வாங்கிய மூன்றாமவர் வந்துவிட்டால் கை நழுவும்.

பத்திரத்தின் மொழியைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விநியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய்' என்றொரு வரி பாட்டியாரின் பத்திரத்தில் நீண்டு கிடந்தது. எல்லைக்குச் 'செக்குபந்தி'! பட்டம் பெற்ற நமக்கே இரண்டாம் முறை படித்தபின்தான் விளங்கிற்று. எழுத்தறிந்த தமிழனும் இந்தக் காகிதத்தின் முன் தற்குறியே. 1951-இல் இந்தியாவில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே எழுத்தறிந்தோர். 2011 கணக்கில் எழுபத்து மூவர். அந்த எழுபத்து மூவரில் தம் நிலப் பத்திரத்தைப் படித்துப் பொருள் சொல்லக்கூடியவர் எத்தனை பேர் என எந்தக் கணக்கெடுப்பும் கேட்டதில்லை.

2001-இல் பதிவுச் சட்டம் திருத்தப்பட்டது. விற்பவர், வாங்குபவர் இருவருடைய படமும் விரல் ரேகையும் பத்திரத்தில் ஏற வேண்டும் என்றது. பேராசிரியரும் இன்று விரலை நீட்டுகிறார். கோனாய்க்கு நேர்ந்தது இன்று எல்லார்க்கும் நேர்கிறது. ஆள்மாறாட்டத்துக்கு அது நல்ல மருந்து. பாட்டியாரின் நோய் ஆள்மாறாட்டம் அன்றே! ஆள் அவர்தான், விரலும் அவருடையதே. அவர் அறிந்தாரா என்பதைப் படமும் சொல்லாது, ரேகையும் சொல்லாது.

அன்று மாலை பத்திரத்தை முதல் எழுத்திலிருந்து உரக்கப் படித்தோம். சிறுவன் பாட்டியின் முழங்காலைப் பிடித்தபடி நின்றான். தொகை வந்த இடத்தில், “அவ்வளவா? நான் வாங்கினது அதுல கால்வாசி” என்றார். எல்லை வந்தது. வடக்கே இன்னாருடைய புஞ்சை என்று படித்தபோது கையை உயர்த்தி நிறுத்தினார்.

“வடக்கே புஞ்சையில்ல, வாத்தியாரய்யா. வாய்க்கா. நான் அதுலதான் முப்பது வருசமா நாத்து அலசுறேன்.”

கிரயம் எழுதி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பத்திரத்தை நீக்கக் கோரும் வழக்குக்குக் காலம் மூன்று ஆண்டு. அதுவும் உண்மையை அறிந்த நாளிலிருந்து என்கிறது 1963-ஆம் ஆண்டின் காலவரைச் சட்டம். பதிவான அன்றே அறிந்தாய் என எதிர்த்தரப்பு வாதிடும். இவரோ இன்றுதான் முதன்முறையாக அக்காகிதத்தைக் கேட்கிறார். மறுநாள் வழக்கறிஞரிடம் அழைத்துச் செல்வதாகச் சொன்னோம். நகலின் பின்புறத்தில், படித்துக் காட்டிய நாளையும் நேரத்தையும் எழுதி நம் கையொப்பமிட்டோம். வருகைப் பதிவேட்டோடு நின்ற தலைமையாசிரியரும் சாட்சியாகக் கையெழுத்திட்டார்.

“நானும் போடணுமா?” என்று கேட்டு, பாட்டியார் பெருவிரலைத் தூக்கினார். மைப்பெட்டி பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. சிறுவன் சாவி வாங்கிவர ஓடினான்.